நாற்பத்தொன்று என்ற பலகை

எங்கள் கப்பலில், அதிகாரிகளின் சாப்பாட்டு அறைக்குப் போகும் இடைவழியில், ஒரு வெண்கலப் பலகை இருந்தது. தினமும் காலையில் ஒரு மாலுமி அதை எலுமிச்சைத் தோலும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பான். மேலே கப்பலின் பெயர், 'கொர்ராதோ நெர்வா'. அதற்குக் கீழே வெள்ளோட்டத் தேதி. நடுவில் உள்ளங்கை உயரத்துக்கு ஓர் எண்: 41. மணிக்கு நாற்பத்தொரு கடல் மைல் என்று அர்த்தம். அடியில் சின்ன எழுத்தில், அன்று கப்பலில் இருந்த அதிகாரிகளின் பெயர்கள்.

அந்த எண் பொய் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. அளந்தவர்கள் நேர்மையாகத்தான் அளந்தார்கள். ஒரு கப்பலின் வேகத்தை அளப்பதற்காகக் கரையில் இரண்டு ஜோடிக் கம்பங்கள் நட்டிருப்பார்கள். முதல் ஜோடி ஒன்றன் பின் ஒன்றாக ஒளிந்து ஒரே கம்பமாகத் தெரியும் கணத்தில் கடிகாரத்தைத் தட்ட வேண்டும். இரண்டாவது ஜோடி அதேபோல் ஒன்றாகும்போது நிறுத்த வேண்டும். நடுவில் உள்ள தூரம் தெரியும் என்பதால் வேகம் வந்துவிடும். காற்றும் நீரோட்டமும் ஏமாற்றாமல் இருக்க எதிர்த்திசையிலும் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார்கள். இதில் எங்கேயும் திருட்டு கிடையாது.

சூட்சுமம் வேறு இடத்தில் இருந்தது. ஒப்பந்த வேகத்துக்கு மேல் கப்பல் எவ்வளவு ஓடுகிறதோ அந்த அளவுக்குக் கட்டும் தளத்துக்குப் பரிசு உண்டு. அது அப்போது எங்கள் நாட்டு வழக்கம். அதனால் தளத்துக்காரர்கள் நெர்வாவைப் பின்பக்கப் பீரங்கி மேடைகள் பொருத்தாமலே கடலுக்குக் கூட்டிப் போனார்கள். குண்டு இல்லை, படகுகள் இல்லை, சாப்பாட்டு மேஜைகள்கூட இல்லை. எண்ணெய் அந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டும். அடிப்பாகத்துக்கு அன்றுதான் புதுச் சாயம். கொதிகலன்களை, அவை தாங்கும் என்று எழுதியிருந்த அளவுக்கு மேல், அரை மணி நேரம் விரட்டினார்கள். கப்பல் நாற்பத்தொன்று ஓடியது. எல்லோரும் தொப்பியை வீசினார்கள். பிறகு பீரங்கிகளையும் மேஜைகளையும் ஐந்நூறு ஆட்களையும் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு ஒருநாளும் நெர்வா அந்த வேகத்தைப் பார்க்கவில்லை.

பத்து வருடம் அது அந்த எண் தந்த பெயரால்தான் வாழ்ந்தது. துறைமுகம் துறைமுகமாகப் போய்க் கொடி காட்டியது. ஸ்பெயின் கரையில் காவல் நின்றது. போர் வந்ததும் கண்ணிவெடி விதைத்தது, இரண்டு முறை எதிரியைத் துரத்தியது, ஒருமுறை எதிரியிடமிருந்து ஓடியது. துரத்தியபோதும் ஓடியபோதும் முப்பதைத் தாண்டவில்லை. நான் அதன் தலைமை எஞ்சினியர், எல்வியோ மாரங்கோன். முப்பதைத் தாண்டாததற்குக் காரணம் கேட்டவர்களுக்கு ஒரு துடுப்புப் படகை உதாரணம் காட்டுவேன். மெதுவாகப் போகிற படகை இன்னும் கொஞ்சம் வேகமாக்க ஒரு ஆள் போதும். ஏற்கெனவே வேகமாகப் போவதை அதே அளவு கூட்ட நாலு பேர் வேண்டும். தண்ணீர் அப்படித்தான் கணக்கு வைத்துக்கொள்கிறது. இருபத்தெட்டில் ஓடும் கப்பலை முப்பத்துநாலுக்குக் கொண்டுபோக, கிட்டத்தட்ட இன்னொரு முழு எஞ்சின் அறை வேண்டும்.

இது எங்கள் கேப்டனுக்குத் தெரியாதா? என்னைவிட நன்றாகத் தெரியும். கேப்டன் ரனியேரி அல்தோவீத்தி, பிளாரன்ஸ்காரர், ஒல்லியான மனிதர். டார்பிடோவைப் பற்றிக் கடற்படைப் பள்ளியில் பாடம் எடுத்தவர். வெள்ளோட்டத்தன்று நெர்வாவின் மேல்தளத்தில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற இளம் அதிகாரி அவர்தான். பலகையின் அடியில் மூன்றாவது பெயர் அவருடையது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்றாம் வருடக் குளிர்காலத்தில் எங்களைப் பலேர்மோவுக்கு வரச் சொன்னார்கள். திரிப்போலியில் எங்கள் விமானங்களுக்குப் பெட்ரோல் தீர்ந்துகொண்டிருந்தது. எண்ணெய்க் கப்பல்கள் மெதுவாகப் போனதால் எதிரியிடம் சிக்கி ஒவ்வொன்றாக மூழ்கிக்கொண்டிருந்தன. வேகமான போர்க்கப்பலில் பீப்பாய்களை அடுக்கி அனுப்பினால் என்ன என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. வேகமான கப்பல் எது என்று பார்த்தபோது எங்கள் பலகை கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

பின்தளம் முழுக்கப் பீப்பாய்கள் ஏறின. பின்பக்கப் பீரங்கிகளைத் திருப்ப இடமில்லை. பீப்பாய்கள் பழசு, மூடி ஓரங்களில் கசிந்தன. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது மேலே போகாமல் தண்ணீர் மாதிரி பள்ளத்தைத் தேடிப் போய்த் தேங்கும். அதனால் ஈரக் கித்தானைப் போட்டு எல்லாவற்றையும் மூடினோம், சமையல் அடுப்பை அணைத்தோம், சிகரெட்டுகளை வாங்கிப் பூட்டினோம். கொதிகலன் அறைத் தலைவன் கஸ்பாரே லோசிசேரோவுக்கு அடுப்பை அணைத்ததில்தான் பெரிய வருத்தம். திராபானிக்காரன், வாய் ஓயாதவன். பாஸ்தா சாப்பிடாமல் செத்தவனை சொர்க்கத்தில் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டே மரக்கட்டை மாதிரி இருந்த பிஸ்கட்டை நெத்திலியோடு கடித்தான்.

தலைமையகத்திலிருந்து கேப்டன் கால அட்டவணையோடு திரும்பினார். நான் அதைப் படித்துவிட்டு அவரைப் பார்த்தேன். சாயங்காலம் புறப்பட வேண்டும். விடியும்போது திரிப்போலியிலிருந்து கிளம்பும் எங்கள் போர் விமானங்களின் நிழலுக்குள் இருக்க வேண்டும். அதற்கு வழி முழுக்க முப்பத்துநாலு ஓட வேண்டும்.

"ஐயா, இது யாரு போட்ட கணக்கு?" என்றேன்.

"அட்மிரல் எங்கிட்டதான் கேட்டாரு. சுமையோட எவ்வளவு போகும்னு." அவர் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "அந்த மனுஷன் நாற்பத்தொண்ணுலேருந்து ஆரம்பிச்சாரு, மாரங்கோன். நான் பேரம் பேசி முப்பத்திநாலுக்குக் கொண்டாந்தேன்."

"நம்மகிட்ட இருக்கறது இருபத்தெட்டு."

"என் பேரு போட்ட பலகையை நானே பொய்னு சொல்லச் சொல்றியா?"

பலகை பொய் இல்லை என்பதுதான் சிக்கலே.

புறப்பட்டோம். எங்களுக்குத் துணையாக ஒரு சிறிய டார்பிடோ படகு முன்னால் போனது. இரவு எப்படியோ கழிந்தது. கீழே எங்களுக்கு இரவும் பகலும் ஒன்றுதான். எஞ்சினின் சத்தம், எண்ணெய் வாடை, வியர்வை. இருபத்தெட்டு நிலையாக வந்தது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை, அதுவும் தரவில்லை.

விடிந்தபோது, எந்த நிழலுக்குள் இருக்க வேண்டுமோ அதற்கு வெகுதூரம் வடக்கே, தெளிந்த வானத்துக்குக் கீழே, தட்டில் வைத்த மீன் மாதிரி கிடந்தோம். மால்ட்டாவிலிருந்து எதிரி விமானம் வர அதிக நேரம் ஆகாது. அந்தப் பகுதியில் நீர்மூழ்கிகளும் உண்டு. நேரத்தை மிச்சம் பிடிக்க, நீர்மூழ்கிகளின் குறி தவற வளைந்து வளைந்து போவதைக்கூடக் கேப்டன் நிறுத்திவிட்டார். அம்பு மாதிரி நேராகப் போய்க்கொண்டிருந்தோம்.

பேசுகுழாய் சீழ்க்கையடித்தது. மேல்தளத்திலிருந்து எங்கள் அறைவரை வரும் பித்தளைக் குழாய் அது. அந்தப் பக்கம் ஊதினால் இந்தப் பக்கம் சீழ்க்கை கேட்கும். மூடியைத் திறந்து காதை வைத்தேன்.

"மாரங்கோன், முப்பத்திநாலு வேணும்."

"இருபத்தெட்டு இருக்கு, ஐயா."

"இருக்கறதை நான் கேக்கல. ஊதிகளைத் திற."

ஊதி என்பது கொதிகலனுக்குள் காற்றை அடித்துத் தள்ளும் பெரிய விசிறி. அதைக் கூட்டி, எண்ணெயையும் கூட்டினால் தீ பெருகும், நீராவி பெருகும், வேகம் கூடும். ஆனால் ஓர் எல்லைக்கு மேல் எண்ணெய் அடுப்புக்குள்ளேயே எரிந்து முடிவதில்லை. பாதி எரிந்தபடி புகைவழியில் ஏறிப் போகும். அங்கே பல மாதமாகப் படிந்திருக்கும் கரியையும் பற்ற வைத்துக்கொண்டு புகைபோக்கி வழியாகப் பொறியாக வெளியே வரும். கப்பல் முன்னால் ஓடுவதால் அந்தப் பொறி எங்கே விழும்? பின்தளத்தில் விழும். எங்கள் பின்தளத்தில் என்ன இருந்தது என்று மேலே சொல்லிவிட்டேன்.

லோசிசேரோ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"முழுசாத் திறந்தா முப்பத்தொண்ணு வரும், ஐயா," என்றான். "கூடவே எத்னா எரிமலையும் வரும்."

"கொஞ்சமாத் திற. பாப்போம்."

அவன் பக்கத்திலிருந்த தூணைத் தொட்டுக்கொண்டான். எங்கள் ஊரில் கெட்டது வராமல் இருக்க இரும்பைத் தொடுவோம். "காலைலேருந்து தொட்டுக்கிட்டேதான் இருக்கேன்," என்று முணுமுணுத்தான். "இந்தக் கப்பல்ல இரும்புக்கா பஞ்சம்?"

திறந்தோம். ஊதிகளின் சத்தம் ஒரு படி ஏறியது. வேகம் காட்டும் முள் இருபத்தொன்பதைத் தொட்டு, தயங்கி, முப்பதைப் பார்த்து நகர்ந்தது. தரைத்தகடுகள் காலுக்கடியில் நடுங்கத் தொடங்கின. அப்போது இன்னொரு குழாய் சீழ்க்கையடித்தது, பின்தளத்துக் குழாய். ஓர் ஆள் மிகவும் நிதானமான குரலில், கித்தான் மேல் பொறி விழுந்தது, ஈரச் சாக்கால் அடித்து அணைத்துவிட்டோம், அடுத்ததும் வருகிறது என்று சொன்னான்.

நானே ஊதியைக் குறைத்தேன். முள் இருபத்தெட்டுக்கு இறங்கியது. போர்க்காலத்தில் கேப்டனின் உத்தரவை மீறுவதற்கு என்ன தண்டனை என்று எல்லோருக்கும் தெரியும். லோசிசேரோ ஒரு கேலியும் செய்யவில்லை என்பதிலிருந்து அவனுக்கும் தெரியும் என்று புரிந்தது. நான் திரும்பி வரும்வரை இதைத் தொடக் கூடாது என்று அவனிடம் சொல்லிவிட்டு ஏணியில் ஏறினேன்.

வெளியே வந்ததும் பெட்ரோல் வாடை மூக்கில் அறைந்தது. பின்தளத்தில் ஆட்கள் வாளியும் சாக்குமாக நின்றுகொண்டு, கடலைப் பார்க்காமல், புகைபோக்கியையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொறி விழுந்த இடத்தைக் காட்டினார்கள். கித்தானில் ஒரு திராட்சை அளவுக்கு ஓட்டை, ஓரம் கருகியிருந்தது. ஓட்டைக்கு நேர் கீழே பீப்பாயின் மூடி ஈரமாக இருந்தது. அது தண்ணீர் ஈரம் இல்லை. அந்தத் துண்டை மட்டும் கத்தியால் அறுத்து எடுத்துக்கொண்டேன்.

மேல்தளத்தில் கேப்டன் தொலைநோக்கியை வானத்திலிருந்து இறக்காமலே பேசினார்.

"வேகம் கூடிச்சு. அப்புறம் குறைஞ்சிடுச்சு. ஏன்?"

"நான்தான் குறைச்சேன், ஐயா."

தொலைநோக்கி இறங்கியது. கித்தான் துண்டை அவர் கையில் கொடுத்தேன். அவர் அந்த ஓட்டை வழியாகத் தன் விரலை நுழைத்துப் பார்த்தார்.

"இது முப்பதுல விழுந்தது," என்றேன். "முப்பத்தொண்ணுல மழையா விழும். விமானம் வந்தா நம்மள அடிக்கலாம், அடிக்காம விடலாம். இது நிச்சயம்."

"ராணுவ நீதிமன்றம்னு ஒண்ணு இருக்கு. ஞாபகம் இருக்கா?"

"அங்க போய் நிக்கறதுக்கு நாம ரெண்டு பேரும் உயிரோட இருக்கணுமே, ஐயா."

சுக்கான் பிடித்திருந்த மாலுமி நேராக முன்னாலேயே பார்த்துக்கொண்டு நின்றான். ஆனால் அவன் காது சிவந்திருந்தது. கேப்டன் துண்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டார். வானத்தை ஒருமுறை பார்த்தார். எனக்கு ஒரு கணம், ஒப்புக்கொண்டுவிட்டார் என்று தோன்றியது. ஆனால் அவர் என்னைத் தாண்டிப் போய்ப் பேசுகுழாயின் மூடியைத் திறந்தார். என்னை விட்டுவிட்டு, நேராக லோசிசேரோவுக்கே உத்தரவு கொடுக்கப் போகிறார். ஊதுவதற்காகக் குனிந்தார்.

அப்போதுதான் இடப்பக்கக் காவலாள் டார்பிடோத் தடங்கள் தெரிகின்றன என்றான். கத்தவில்லை, கையை நீட்டிக் காட்டினான்.

வெயிலில் மினுங்கும் நீரில் மூன்று வெள்ளைக் கோடுகள் எங்களை நோக்கி நீண்டுகொண்டிருந்தன. சுக்கான்காரனின் கைகள் இறுகின. அந்த நேரத்தில் எவனுக்கும் சக்கரத்தை ஏதாவது ஒரு பக்கம் ஒடிக்கத்தான் தோன்றும்.

"சுக்கானைத் தொடாதே," என்றார் கேப்டன். "அப்படியே போ."

அவர் தளத்தின் ஓரத்துக்குப் போய், ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, கைப்பிடிக் கம்பியின் ஒரு கால் மீது கடைசிக் கோட்டின் நுனியைப் பொருத்திப் பார்த்தார். அவர் என்ன செய்கிறார் என்று எனக்குப் புரிந்தது. கடலில் இருப்பவர்கள் எல்லோரும் கற்றுக்கொள்ளும் முதல் பாடம் அது. பக்கத்திலிருந்து நம்மை நோக்கி வரும் ஒன்று, நெருங்க நெருங்க அதே திசையிலேயே தெரிந்தால் மோதப்போகிறது. கொஞ்சம் கொஞ்சமாக முன்பக்கம் நகர்ந்தால் நமக்கு முன்னால் கடந்துவிடும். பின்பக்கம் நகர்ந்தால் பின்னால். முதல் இரண்டு கோடுகளும் தெளிவாக முன்னால் போய்க்கொண்டிருந்தன. மூன்றாவது நகரவே இல்லை.

அவர் மூச்சு விடுவதை நான் பார்க்கவில்லை. சுக்கான்காரன் உதடுகளுக்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பின்தளத்துப் பீப்பாய்களைத் தவிர வேறு எதையும் நான் நினைக்கவில்லை.

பிறகு கோட்டின் நுனி கம்பியின் காலைவிட்டு ஒரு மயிரிழை முன்னால் வந்தது. பிறகு விரலளவு. பிறகு நான் எட்டிப் பார்த்தபோது, அந்த வெள்ளைத் தடம் எங்கள் மூக்குக்கு முன்னால் குறுக்கே ஓடியது. நெர்வா அதன் நுரைமேல் ஏறிக் கடந்தது. நுரைக்குச் சொந்தமான டார்பிடோ அதற்குள் வலப்பக்கம் போய்விட்டிருந்தது.

துணைப் படகு திரும்பி, நீர்மூழ்கி இருந்த இடத்தை நோக்கி ஓடி, வெடிகளை இறக்கியது. அதிர்வு எங்கள் பாதம்வரை வந்தது.

கேப்டன்தான் முதலில் பேசினார், வகுப்பில் பாடம் எடுக்கிற குரலில். டார்பிடோவைக் கப்பல் இருக்கும் இடத்துக்கு விட மாட்டார்கள், அது வந்து சேரப்போகிற இடத்துக்குத்தான் விடுவார்கள் என்றார். நீர்மூழ்கிக்காரன் கண்ணாடிக் குழாயைச் சில நொடிதான் நீட்ட முடியும். அதற்குள் எது கப்பல் என்று உருவத்தை வைத்துக் கண்டுபிடிப்பான், கைப்புத்தகத்தைத் திறப்பான், வேகம் என்னவென்று பார்ப்பான்.

"நம்ம கப்பல் ஒல்லி. இருபத்தெட்டுலயே மூக்குல மீசை மாதிரி நுரை வச்சுக்கிட்டுப் போகும். புத்தகத்துல நாற்பத்தொண்ணு. அவன் கொஞ்சம் கழிச்சு, முப்பத்தஞ்சுன்னு வச்சிருப்பான்." அவர் கம்பியின் காலைக் காட்டினார். "நான் கேட்ட முப்பத்திநாலை நீ குடுத்திருந்தேன்னா, நாம சரியா அங்க இருந்திருப்போம்."

"குடுத்திருக்க முடியாது, ஐயா."

"ஆமா. முடியாது."

பேசுகுழாயின் மூடி இன்னும் திறந்தே இருந்தது. அவர் போய் அதை மூடினார். மெதுவாக, சத்தமே வராமல் மூடினார்.

எங்கள் விமானங்கள் தெற்கிலிருந்து வந்து தலைக்கு மேல் சுற்றத் தொடங்கும்வரை வேறு எதுவும் வரவில்லை. திரிப்போலியில் பீப்பாய்களை இறக்கும்போது, லோசிசேரோ கரையில் உட்கார்ந்து, பூட்டி வைத்திருந்த சிகரெட்டை ஒன்றன் பின் ஒன்றாக நாலு குடித்தான்.

மத்தியானமே மேலிடத்திலிருந்து வாழ்த்துச் செய்தி வந்தது. நெர்வா தன் புகழுக்கேற்ப ஓடியது என்று பாராட்டி, உடனே திரும்பி வந்து அடுத்த சுமையை ஏற்றச் சொல்லியிருந்தார்கள். அட்டவணை அதேதான். கேப்டன் அதை என்னிடம் நீட்டிவிட்டு உட்கார்ந்தார். பார்லி காப்பி அவர் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு தாளை எடுத்து எழுதி, அதையும் என்னிடம் நீட்டினார். அதில் இப்படி இருந்தது: முழுச் சுமையுடன் நெர்வாவின் வேகம் இருபத்தெட்டு. அதற்கு மேல் போனால் புகைபோக்கியில் பொறி வரும். வெள்ளோட்ட வேகம் பீரங்கி இல்லாமல் எடுத்தது, நான் உடனிருந்தேன். கீழே அவருடைய கையெழுத்து.

"இதை அனுப்பினா உங்களைக் கப்பலை விட்டு இறக்கிடுவாங்க, ஐயா."

"இறக்கட்டும். அட்மிரலுக்கு யாராவது சொல்லணும்ல." எழுந்து தொப்பியை எடுத்தார். "பலகையை மட்டும் கழட்டிடாதீங்க. அதை எதிரிக்காரன் நம்புறான்."

அந்த மாதமே அவரை லா ஸ்பேசியாவில் ஒரு கிடங்கு அலுவலகத்துக்கு மாற்றினார்கள். நெர்வாவைப் பெட்ரோல் வேலையிலிருந்து விலக்கி, பயிற்சிக்காகப் போலா துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். பெட்ரோல் போவது நிற்கவில்லை. எங்கள் இடத்தில் அதே தளத்தில் கட்டிய எங்கள் சகோதரக் கப்பல் போனது. அதிலும் ஒரு பலகை உண்டு. எங்களுடையதைவிட அரை மைல் கூடுதல். அதைச் சொல்லி அவர்கள் எங்களைக் கேலி செய்யாத நாள் கிடையாது. அந்தக் கப்பல் எரிந்த வெளிச்சம் கரையிலிருந்தே தெரிந்ததாம்.

அந்தச் செய்தி வந்த வாரம்தான் எங்கள் புதுக் கேப்டன் போலாவில் ஏறினார். இளைஞர், சுறுசுறுப்பானவர். இடைவழியில் பலகைக்கு முன்னால் நின்று, எண்ணை விரலால் தடவிப் பார்த்தார்.

"நாற்பத்தொண்ணு! நெஜமாவே போகுமா, மாரங்கோன்?"

"போகும், ஐயா. பீரங்கியை எல்லாம் இறக்கி வெச்சுட்டு, உங்களையும் என்னையும் கரைல விட்டுட்டா போகும்."

அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திவிட்டு, உண்மையான வேகம் என்ன என்று கேட்டார்.

நான் சொன்னேன்.